உளி அப்படியே இருந்தது, வேலைதான் போனது

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் கெல்லிஸ் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926-இல் அவர் இறந்ததால் பாதியில் நின்றுவிட்டது. அந்த வட்டாரத்தில் அவருக்கு ரப்பர் தோட்டம் இருந்தது. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அங்கே உழைத்தார்கள். பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனைதான் நிற்கிறது.

பால் மரம் வெட்டியவர்களின் வேலையை எந்த இயந்திரம் பறித்தது? எந்த இயந்திரமும் பறிக்கவில்லை. இதில்தான் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

கைக்குத் தெரிந்த அளவு

ரப்பர் பால் ஓடும் நுண்குழாய்கள் மரப்பட்டையின் உட்பகுதியில் உள்ளன. அவற்றுக்கு உள்ளே, பட்டையையும் மரத்தையும் வளர்க்கும் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. வெட்டு ஆழம் குறைந்தால் பால் குறையும். சற்றுக் கூடினால் கேம்பியம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஒவ்வொரு முறையும் சீவ வேண்டிய பட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். மரத்துக்கு மரம் பட்டையின் தடிப்பும் வளைவும் மாறும்.

விடியும் முன்பே மரம் வெட்டப் போவதற்கும் காரணம் உண்டு. இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. அதனால் குழாய்களில் அழுத்தம் கூடி, பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கிவிடும்.

இருட்டில் உளியைப் பிடித்து இந்த அளவை உணர்ந்த கைக்கு ஈடான இயந்திரம் செய்வது எளிதல்ல. மின்சார உளிகளையும் தானியங்கிக் கருவிகளையும் உருவாக்கும் முயற்சிகள் சில நாடுகளில் நடந்துள்ளன.

வேலையைக் குறைத்த மருந்து

மாற்றம் வேறு வழியில் வந்தது. வெட்டிய சில மணி நேரத்தில் ரப்பர் துகள்கள் திரண்டு குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும்; பால் நின்றுவிடும். எத்திஃபோன் என்ற மருந்தைப் பட்டையில் தடவினால், அது மரத்துக்குள் எத்திலீன் வாயுவை வெளியிடும். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். அது அடைப்பைத் தாமதப்படுத்துவதால் பால் நீண்ட நேரம் ஓடும். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டிய மரத்தை மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை வெட்டினால் போதும் என்றாயிற்று.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தோட்டத்தில் 2,000 மரங்கள். ஒருவர் ஒரு நாளில் 500 மரம் வெட்டுவார். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றால் தினமும் 1,000 மரம்; இருவர் வேண்டும். நான்கு நாளுக்கு ஒரு முறை என்றால் தினமும் 500 மரம், ஒருவர் போதும். உளி மாறவில்லை, ஆனால் இன்னொருவருக்கு வேலை இல்லை. பின்னாளில் ஆள் கிடைக்காமல் தவித்த தோட்டங்களுக்கு இதே முறை கைகொடுத்தது என்பதும் உண்மை.

வண்டு செய்த வேலை

ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது ஆள் தேவை மேலும் சுருங்கியது. செம்பனைக் குலையை அன்றாடம் வெட்ட வேண்டியதில்லை. ஒரே மரத்துக்குத் திரும்பி வரப் பத்து நாளுக்கு மேல் ஆகலாம். கனமான குலைகளை வெட்டிச் சுமக்கும் வேலை பெரும்பாலும் ஆண்களிடம் போனது. கணவனுக்கு நிகராக மரம் வெட்டிய பெண்களுக்கு உரம் போடுவதும் உதிரிப் பழம் பொறுக்குவதும் மிஞ்சின.

செம்பனைப் பெண் பூக்களில் மகரந்தத்தைக் கையால் தூவும் வேலையும் ஒரு காலத்தில் இருந்தது. 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்த சிறு வண்டினத்தைத் தோட்டங்களில் விட்டார்கள். அளவில் சில மில்லிமீட்டரே இருந்த அந்த வண்டுகள் பூவுக்குப் பூ மகரந்தத்தைச் சுமந்தன. காய்ப்பு கூடியது, தூவும் வேலை மறைந்தது.

நாம் கேட்க வேண்டியவை

மருந்தும் வண்டும் விளைச்சலைப் பெருக்கின. அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தோட்டத்தில் வேலையோடு வீடும் சேர்ந்திருந்தது. வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். குடும்பங்கள் வெளியேறினால் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். தொழிலாளர்களின் அச்சம் அறியாமையால் வந்ததல்ல. அவர்கள் இழக்கக்கூடியது சம்பளத்தைவிடப் பெரியது.

இன்று ரோபோவும் செயற்கை நுண்ணறிவும் நம் வேலையைப் பறிக்குமா என்று கேட்கிறோம். அதோடு இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு வேலையின் எந்தப் பகுதியைப் புதிய நுட்பம் எடுத்துக்கொள்கிறது? மிச்சமாகும் நேரமும் பணமும் யாருக்குப் போகின்றன? வேலை இழப்பவருக்கு வீடும் புதிய பயிற்சியும் கிடைக்குமா? முதல் கேள்விக்கு அறிவியல் பதில் சொல்லும். மற்ற இரண்டுக்கும் முதலாளியும் தொழிற்சங்கமும் அரசும் சேர்ந்துதான் பதில் தேட வேண்டும்.

உங்கள் வீட்டில் மரம் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் அளவுகோலைத் தேடமாட்டார்கள். கையை அசைத்தே காட்டிவிடுவார்கள்.