சிறு நிலத்துக்கு ஏற்ற வேலி மரம் எது?

பாலக்கோடு வட்டாரத்தில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கரில் தக்காளி பயிரிடும் விவசாயிகளுக்கு வேலி ஒரு பெரும் பிரச்சினை. கல் நட்டு முள்கம்பி கட்டக் கையில் பணம் இராது. வேலி இல்லாவிட்டாலோ, காய் திரளும் சமயத்தில் ஆடு மாடுகள் ஒரே இரவில் நுழைந்து பாடுபட்டதையெல்லாம் அழித்துவிடும். உயிர்வேலியே மலிவான வழி. ஆனால் படர்ந்து நிழல் கட்டும் மரத்தை வைத்தால் வரப்பை ஒட்டிய பயிர் தேறாது. பக்கத்து நிலத்துக்காரருடன் சச்சரவும் வரும். ஆகவே பக்கவாட்டில் அதிகம் பரவாமல், கோடையில் இலை உதிர்க்கும் மரமே சிறு நிலத்துக்கு ஏற்றது.

இவ்வகையில் முதலிடம் முள்கிளுவைக்கே. கரூர், காங்கயம், தாராபுரம் பகுதிகளில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக இருப்பது இந்த வேலிதான். இலையைக் கொட்டிவிடுவதால் நீர்ச்செலவு குறைந்து வறட்சியைத் தாங்குகிறது. இலை போனாலும் முள் போவதில்லை; மாடுகளை மேய அவிழ்த்துவிடும் கோடையிலும் வேலி வேலியாகவே நிற்கும்.

இலை உதிர்ந்தபின், புதுத்துளிர் விடுமுன் போத்து வெட்டுதல் வேண்டும். அப்போது சத்து தண்டிலேயே சேர்ந்திருப்பதால் வேர் பிடிப்பது எளிது. கட்டைவிரலுக்கு மேல் பருமனும் நான்கு அடி நீளமும் உள்ள போத்துகளைச் சில நாள் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின், மழை கிடைத்ததும் ஒரு அடி ஆழத்தில் நெருக்கமாக நடலாம். அடியும் நுனியும் மாறிவிடக் கூடாது. தண்ணீர் தேங்கினால் போத்து அழுகிவிடும். முதல் ஆண்டு துளிரை ஆடு கடிக்காதபடி வெட்டுமுள் வைத்துக் காக்க வேண்டும்.

தழையுரமும் தேவைப்படுவோர் உள்வரப்புகளில் கிளைரிசிடியா நடலாம். இதற்கு முள் இல்லை, எல்லைக்கு உதவாது.

கல்யாண முருங்கையைச் சிலர் விரும்புவர். இதில் நிமிர்ந்து வளரும் ரகம் ஹவாய் தீவுகளில் காற்றுத் தடுப்பாக நடப்பட்டிருந்தது. 2005ல் நுழைந்த ஒரு சிறு குளவி, இலையிலும் தண்டிலும் முடிச்சு முடிச்சாகக் கழலைகளை உண்டாக்கி அம்மரங்களை அழித்தது. கேரளத்தில் மிளகுக்கொடி ஏற்றிய முருக்க மரங்களையும் அது விடவில்லை. வேலி முழுவதும் இதையே நடுவது புத்தியல்ல.

மாந்தோப்பு வைத்திருப்போர் நிலை வேறு. சித்திரை, வைகாசிக் காற்றில் காய் உதிராமல் காக்க, அப்போது மொட்டையாக நிற்கும் மரம் பயன்படாது. காற்று வீசும் பக்கத்தில் மட்டும் சவுக்கை இரண்டு வரிசையாக, மாவிலிருந்து சற்றுத் தள்ளி நட்டு, மற்ற மூன்று பக்கமும் கிளுவை வைக்கலாம்.