குளிருக்கு ஹீட்டர் வாங்கும் முன்…



தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் குடியிருப்பவர்களுக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். மார்கழி இரவிலும் நம் கடலோரத்தில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் நம் பிள்ளைகள் அலிகரிலும் தேவ்பந்திலும் டெல்லியிலும் படிக்கிறார்கள். வியாபாரத்துக்காக ஹாங்காங்கில் குடும்பத்தோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல் பயணம். ஊரிலோ, அடைமழை நாட்களில் பிள்ளை பெற்ற தாய்க்கும் வயதானவர்களுக்கும் அறையைச் சூடாக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆகவே இதைப் பற்றித் தெளிவாக எழுதுவது நம் கடமை என்று கருதுகிறோம்.

முதல் விதி

விலை, மாடல் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். மூடிய அறையில், எரியும் எதையும் வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது. கரியோ, விறகோ, மண்ணெண்ணெயோ, கேஸோ, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்ற 8 பேர், தாமன் என்ற மலையூரில் ஓர் அறையில் தங்கினார்கள். குளிருக்காக கேஸ் ஹீட்டரை எரியவிட்டு, கதவையும் சன்னல்களையும் அடைத்துக்கொண்டு உறங்கினார்கள். மயங்கிக் கிடந்தவர்களை ஹெலிகாப்டரில் காத்மாண்டுவுக்குக் கொண்டு சென்றும் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் 4 பேர் குழந்தைகள். 2024இல் கொடைக்கானலிலும் திருச்சி இளைஞர்கள் இருவர், கரி அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கி இதே போல இறந்தார்கள்.

காரணம் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. காற்றோட்டம் போதாத இடத்தில் எது எரிந்தாலும் இது உண்டாகும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு இது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரும். உறங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. உறக்கத்திலேயே உயிர் போய்விடும்.

உறங்கும் முன் வீட்டில் நெருப்பை எரியவிடாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. மதீனாவில் இரவில் ஒரு வீடு ஆட்களோடு தீப்பற்றியபோது சொல்லப்பட்டதாகவும் அறிவிப்பு உண்டு. நம் உயிரைக் காக்கும் அந்த வழிகாட்டலை இன்றைக்கும் அப்படியே பின்பற்ற வேண்டும்.

ஊரில் செய்ய வேண்டியது

பிள்ளை பெற்ற தாயின் அறையில் சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் வழக்கம். மணத்துக்காகப் போடுவதானால், தாயும் பிள்ளையும் வேறு அறையில் இருக்கும்போது சன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள். கங்கு இருக்கும் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்துவது பெரும் ஆபத்து. புகை அடங்கிவிட்டாலும் கங்கிலிருந்து வாயு வந்துகொண்டேதான் இருக்கும். பச்சைப்பிள்ளைக்குத் தாயின் மேனிச் சூட்டைவிட நல்ல ஹீட்டர் கிடையாது. உலர்ந்த துணி, தலைக்குத் தொப்பி, காலுறை, தாயின் அணைப்பு, இவை நம் ஊர்க் குளிருக்குப் போதும்.

முதியவர்களுக்குக் கம்பளியும் வெதுவெதுப்பான குடிநீரும் போதும். சுப்ஹுக்கு ஒளு எடுக்க வெந்நீர் வைத்துக் கொடுங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஹீட்டருக்கோ வெந்நீர்ப் பைக்கோ அருகில் கால் நீட்டக் கூடாது. சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும்.

எந்த ஹீட்டர்?

வெளியூரில் ஹீட்டர் தேவைப்படுகிறவர்கள் மின்சார ஹீட்டரையே வாங்குங்கள். கடையில் பொதுவாக 3 வகை கிடைக்கும்.

ஃபேன் ஹீட்டர்: விலை குறைவு, எடை குறைவு, சில நிமிடங்களில் அறை சூடாகும். சத்தம் உண்டு, காற்றை உலர்த்தும். குளித்து வந்து உடை மாற்றும் நேரத்துக்கு ஏற்றது.

ஹாலஜன், குவார்ட்ஸ் ஹீட்டர்: எதிரே இருப்பவரைச் சூடாக்கும், அறை முழுவதையும் அல்ல. மேசையில் உட்கார்ந்து படிக்கும் மாணவருக்கு 400 அல்லது 800 வாட் போதும். கம்பி சிவந்து எரிவதால் சிறு பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஆகாது.

ஆயில் ஹீட்டர்: உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, சூடேறி வெப்பத்தைப் பரப்புகிறது. விலையும் எடையும் அதிகம், சூடாக நேரம் பிடிக்கும். சத்தம் இல்லை, சூட்டைப் பார்த்துத் தானே நின்று இயங்கும். குடும்பமாக இருக்கும் படுக்கை அறைக்கு இதுவே பொருத்தம்.

எதை எடுத்தாலும் ஐஎஸ்ஐ முத்திரை, அதிகச் சூட்டில் தானாக அணையும் வசதி, கவிழ்ந்தால் நின்றுவிடும் வசதி ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

வாட்டும் பிளக்கும்

10 அடிக்கு 10 அடி அறைக்கு ஏறத்தாழ 1000 வாட் போதும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். மொபைல் சார்ஜர் செருகும் சாதாரண 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே கூடாது. வயர் சூடேறித் தீப்பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 1500 வாட் ஹீட்டரை நாளுக்கு 4 மணி நேரம் போட்டால் 6 யூனிட், இரண்டு மாதத்தில் 360 யூனிட். வாடகை அறையில் இருக்கும் மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டருக்கும் படுக்கை, திரை, தொழுகை விரிப்பு ஆகியவற்றுக்கும் இடையில் 3 அடி விட்டு வையுங்கள். அதன் மேல் ஈரத்துணி காயப்போடாதீர்கள். ஒளு எடுத்த ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். படுக்கும் முன் அறையைச் சூடாக்கிவிட்டு, அணைத்துப் பிளக்கைக் கழற்றிய பின் கம்பளி போர்த்தி உறங்குவதே நல்லது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகள் நம்மிடையே பல. அத்தகைய வீட்டில் எந்தப் பெரிய மின்சாதனம் வாங்குவதானாலும், முதலில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கரியோ கேஸோ எரிந்த அறையில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலியோ மயக்கமோ வந்தால், உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, உடனே 108க்கு அழையுங்கள். ஆக்சிஜன்தான் இதற்கு முதல் மருந்து.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு இந்த வாரம் போனில் பேசும்போது, அறையில் எதை வைத்துக் குளிர் காய்கிறார்கள் என்று கேளுங்கள். கரி என்றோ கேஸ் என்றோ சொன்னால், அன்றிரவே நிறுத்தச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.