ஒலி உடையாமல் பதிவு செய்வது எப்படி?

தொம்மலூர் என்றதும் இன்று பலர் நினைவில் தோன்றுவன மேம்பாலமும் அதனடியில் இடைவிடாது ஊர்ந்து செல்லும் வண்டிகளுமே. ஆயினும் இவ்வூர் பழைமை வாய்ந்தது. இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தேசிமாணிக்கப் பட்டணம் என்னும் பெயரும் இவ்வூருக்கு அக்காலத்தில் வழங்கியது. 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்த பின்னரும், 1940-இல் விமானத் தொழிற்சாலை எழுந்த பின்னரும், பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதிகளில் வேரூன்றின. அவ்வாறு வந்தோர் வீடுகளில் வளைகாப்பு, மணிவிழா, காதணி விழா என்று ஏதேனும் ஒன்று நடவாத மாதம் இல்லை.

முன்பு இவ்விழாக்களில் இசைத்தட்டு வைத்துப் பாடவிடும் மைக்செட்காரர் இருந்தார். இன்று அவர் இடத்தில் டி.ஜே. நிற்கின்றார். பல வீடுகளில் அவர் வெளியாள் அல்லர். கல்லூரியிற் பயிலும் மூத்த பிள்ளையோ மருமகனோதான். மடிக்கணினி ஒன்று, மிக்சர் ஒன்று, காதில் மாட்டும் ஒலிபேசி ஒன்று, இவையே அவர் தளவாடம். (மிக்சர் என்றவுடன் தட்டில் வைக்கும் மிக்சரை எண்ண வேண்டா. இரண்டு மூன்று பாடல்களின் ஒலியை ஒன்றாகக் கலந்து தரும் கருவிக்கு அப்பெயர்.) ஒரு பாடல் முடியுமுன் மற்றொன்றை அதன் தாளத்தோடு இணைத்து, ஒரு மணி நேரம் அறுபடாமல் ஓடவிடுவதே இக்கலை.

விழாவிற்கு வர இயலாத உறவினர் தருமபுரியிலும் சேலத்திலும் சிங்கப்பூரிலும் உள்ளனர். அவர்களுக்கு அனுப்புவதற்காக இந்த இசைக்கோவையைப் பதிவு செய்கின்றோம். அதனிடையே பாட்டி பாடிய நலங்குப் பாட்டும், பெரியப்பா மைக்கைப் பிடித்துச் சொன்ன வாழ்த்தும் சேர்ந்துவிடும். மறுவாரம் அதைப் போட்டுக் கேட்டால், நல்ல இடங்களிலெல்லாம் கரகரவென்று இரைகின்றது. பாட்டியின் குரல் ஓட்டைத் தகரத்தில் ஆணி கொண்டு கீறியது போல் கேட்கின்றது. பாடலை மறுபடியும் போடலாம். பாட்டியை அதே மகிழ்ச்சியோடு மறுபடியும் பாடச் சொல்லுதல் எளிதன்று. சில வீடுகளில் அதற்கு வாய்ப்பே இராது. ஆதலின் ஒலியளவை முன்கூட்டியே சரியாக அமைப்பது எவ்வாறு என்பதை ஈண்டுச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

ஒலி ஏன் உடைகின்றது? எந்தப் பதிவுக் கருவிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. மெழுகுத் தட்டில் ஊசியால் வரி கீறிப் பதிவு செய்த காலத்தில், பாடகர் உரத்துப் பாடினால் ஊசி அளவு மீறி ஆடி அடுத்த வரியிற் புகுந்துவிடும். 1925-ஆம் ஆண்டளவில் மேலைநாடுகளில் மின்சாரப் பதிவு வருமுன், உச்சத்தில் பாடும்போது பாடகர் குழாயிலிருந்து சற்று விலகி நிற்பதே இதற்குரிய மருந்து. பின்னர் வந்த ஒலிநாடா சிறிது பொறுமையுடையது. அளவு மீறினாலும் ஒலியை மெல்ல அமுக்கி ஏற்றுக்கொள்ளும். அந்த அமுக்கத்தை விரும்பிக் கேட்போரும் உண்டு.

இன்றைய எண்முறைப் பதிவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டின் முறையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒலி அலையின் உயரம் ஒரு வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணாக எழுதப்படுகின்றது. அந்த எண் ஒரு பக்கம் 32,767-க்கு மேலும், மறுபக்கம் மைனஸ் 32,768-க்குக் கீழும் செல்ல இயலாது. அலை அதற்கு மேல் எழுந்தால் எழுதுவதற்கு எண் இல்லை. ஆகவே அதன் சிகரம் வெட்டப்பட்டுத் தட்டையாகின்றது. மலையுச்சியைச் செதுக்கி மைதானமாக்கியது போன்ற நிலை அது. வெட்டுண்ட அலையில், மூலத்தில் இல்லாத புதிய ஒலிகள் பிறக்கின்றன. நாம் கேட்கும் கரகரப்பு அதுவே.

வெட்டுண்ட சிகரத்தில் என்ன இருந்தது என்பதைக் கருவி எங்கும் குறித்து வைப்பதில்லை. சில மென்பொருள்கள் ஊகித்து ஒட்டுப்போடும், ஒட்டு ஒட்டுத்தான். கல்வெட்டுச் செதுக்குவோர் இதை நன்கு அறிவர். உளி மேலோட்டமாகப் பட்டால் எழுத்து மழையில் தேயும். ஓங்கி அடித்தால் கல்லே பெயர்ந்துவிடும். தேய்ந்த எழுத்தை மைப்படி எடுத்தேனும் படிக்கலாம். பெயர்ந்துபோன எழுத்தை எவரும் படிக்க முடியாது.

இனி, அளவுமானிக்கு வருவோம். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. ஒலியளவு டெசிபெல் என்னும் அளவையாற் கணக்கிடப்படுகின்றது. மின்னழுத்தம் இருமடங்கானால் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். பத்து மடங்கானால் 20 கூடும். 1939-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடமும் இரு பெரிய வானொலி நிறுவனங்களும் கூடி வகுத்த முள் மானி, வி.யு. மானி எனப்படும். அதன் முள் உரிய இடத்தை அடைய 300 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். காது உணரும் சராசரி உரப்பை அது ஒருவாறு காட்டும். ஆனால் தவிலின் ஓர் அடி, மிருதங்கத்தின் ஒரு சாப்பு, இவை முள் அசையுமுன் தோன்றி மறைந்துவிடும். அந்த மானியில் பூஜ்யம் என்பது ‘வேலைக்கு உகந்த அளவு’ என்று பொருள்படும். பூஜ்யத்திற்கு மேலும் கருவியில் இடம் உண்டு.

எண்முறைப் பதிவுக் கருவியிலும் பூஜ்யம் என்று ஒன்று உண்டு. அது கூரை. அதற்கு மேல் ஓரங்குலமும் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதி, மிக்சரில் முள் பூஜ்யத்தைத் தொடும்போது பதிவுக் கருவியிலும் பூஜ்யத்தைத் தொடச் செய்கின்றவர் பலர். அவர்கள் பதிவு முதல் தவில் அடியிலேயே உடையும். தொழில்முறைக் கூடங்களில் மிக்சரின் பூஜ்யத்தைப் பதிவின் கூரைக்கு 18 அல்லது 20 டெசிபெல் கீழே நிறுத்துவது வழக்கம். நடுவிலுள்ள அந்த வெற்றிடம் வீண் அன்று. தவிலுக்கும் உடுக்கைக்கும் ஒதுக்கிய இடம்.

அமைக்கும் முறை இதுவாகும். முதலில் மிக்சரில் ஒவ்வொரு பாதையிலும் உள்ள கனம், நடு, கீச்சு என்னும் மூன்று குமிழ்களையும் நடுவில் நிறுத்துக. பாதையின் தள்ளுகட்டையை மேலே கொண்டுசெல்க. பிறகு பாடலின் மிக உரத்த பகுதியை ஓடவிட்டு, கெயின் என்னும் குமிழை மெல்லத் திருப்புக. பாடலின் தொடக்கத்தைக் கேட்டு அளவு வைப்பது பயனற்றது. நம் திரைப்பாடல்களில் புல்லாங்குழலோடு மெல்லத் தொடங்கிப் பல்லவியில் இடியெனப் பொழிவன பல. பச்சை விளக்குகள் நன்கு எரிந்து, மஞ்சள் இடையிடையே மின்ன வேண்டும். சிவப்பு எரியலாகாது. இரண்டாம் பாதையையும் இவ்வாறே அமைக்க.

பாடலுக்குப் பாடல் இந்தக் குமிழைத் திருத்தியே ஆகவேண்டும். இதற்குக் காரணம் உண்டு. 1960-களில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய பாடலும், 2011-க்குப் பின் அனிருத் இசையமைத்த பாடலும் ஒரே விழாவில் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. முன்னதில் மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடைவெளி மிகுதி. பின்னாளில் உலகெங்கும் பாடலை இயன்றவரை உரக்க ஒலிக்கச் செய்யும் போட்டி மூண்டது. 2008-இல் மெட்டாலிகா என்னும் அமெரிக்கக் குழு வெளியிட்ட தொகுப்பு, மிகை உரப்பால் ஒலி சிதைந்தது என்று ரசிகர்களே குறை கூறும் அளவிற்கு அப்போட்டி முற்றியது. ஆகையால் பழைய பாடலுக்குக் கெயினை ஏற்றவும் புதியதற்கு இறக்கவும் நேரும். மானி துணை செய்யும். எனினும் இறுதித் தீர்ப்புக் காதினுடையது. என் கருத்தில், பழைய பாடலைப் புதியதன் உரப்பிற்கு இழுத்து ஏற்றுவதினும், புதியதைச் சற்றுத் தாழ்த்துவதே மேல்.

இரு பாடல்கள் கலக்கும் தருணமே மிகுந்த ஆபத்துடையது. சம அளவுடைய இரு வேறு பாடல்கள் ஒருங்கே ஒலித்தால் மொத்தம் சுமார் 3 டெசிபெல் உயரும். இரண்டின் கன ஒலிகளும் ஒரே தாளத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் 6 வரையிலும் உயரலாம். தனித்தனியே ஒழுங்காக இருந்த இரண்டும் சேர்ந்தவுடன் சிவப்பைத் தொடுவது இதனால்தான். புதிய பாடலை உள்ளே கொணரும்போது அதன் கனக் குமிழைக் குறைத்து வைத்திருந்து, பழையதன் கனத்தை இறக்கிய பின் இதை ஏற்றுவதே கைதேர்ந்தோர் வழக்கம். கேட்பதற்கும் அதுவே தெளிவு.

மிக்சரிலிருந்து பதிவுக் கருவிக்குச் செல்லும் கம்பியைப் பற்றியும் கூற வேண்டும். மிக்சரின் வெளிவாயிலில் வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவினது. ஒலிவாங்கியின் மின்னழுத்தமோ சில மில்லி வோல்ட்டே. மடிக்கணினியில் உள்ள சிறு துளை பெரும்பாலும் ஒலிவாங்கிக்கு உரியது. அதில் மிக்சரைச் செருகுவது, குழந்தையின் வாயில் குழாயடித் தண்ணீரைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும். ‘லைன்’ எனக் குறித்த வாயிலுடைய தனிக் கருவி வேண்டும். பழைய இசைத்தட்டு இயந்திரத்தை இணைப்போர், அதற்குரிய ‘ஃபோனோ’ வாயிலிற் செருகியுள்ளோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்க.

பல மிக்சர்களில் ‘ரெக்’ என்று குறித்த தனி வெளிவாயில் உண்டு. கூடத்தின் ஒலிபெருக்கியை ஏற்றி இறக்கும் பெருங்குமிழ் இதனைப் பாதிப்பதில்லை. இது பெரிய வசதி. மாமா வந்து ‘சத்தம் பத்தவில்லை’ என்றால் கூடத்தில் ஏற்றலாம். அண்டை வீட்டார் முகம் சுளித்தால் இறக்கலாம். பதிவு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. அடுக்ககங்கள் நெருங்கிய தொம்மலூரில் அதை நினைவூட்ட ஆள் தேட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கூடத்தை ஓய்த்துவிட்டு, காதுபேசியிற் கேட்டபடியே இசைக்கோவையைப் பதிவு செய்து முடிக்கும் இளைஞர்களும் உளர்.

பதிவுக் கருவியின் உள்வரும் அளவை, மிக உரத்த இடத்திலும் உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டாதவாறு அமைக்க. ஒலி மிகவும் தாழ்ந்துவிடுமே என்ற அச்சம் பழங்காலத்தது. 16 பிட் பதிவில் மிகச் சிறிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடமுண்டு. 24 பிட் பதிவிலோ கணக்கின்படி 144. கருவி இடம் தந்தால் 24 பிட்டைத் தேர்ந்தெடுத்து, தாராளமாகத் தாழ்த்திப் பதிவு செய்க. பின்னர் உயர்த்திக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

இங்கு ஒரு மயக்கம் நேர்வதுண்டு. பதிவுக் கருவியில் மைனஸ் 6 காட்டுகின்றது. ஆயினும் ஒலி கரகரக்கின்றது. யாது காரணம்? மிக்சரில் சிவப்பு எரிந்துகொண்டிருக்கும். அங்கே முன்னரே உடைந்த ஒலியை இங்கே தாழ்த்தி வாங்கியிருப்போம். அடிப்பிடித்த பாலில் எவ்வளவு சர்க்கரை இட்டாலும் அந்த மணம் போகாது. ஆகவே பாடல், கெயின், கலவை, பதிவு என்று ஒலி வரும் வழியே முதலிலிருந்து ஒவ்வொரு படியாகப் பார்த்து வருக.

பெரியவர்கள் பேசும் மைக்கிற்குத் தனிக் கவனம் வேண்டும். பாட்டி முதலில் நாணத்தால் மெல்லத் தொடங்குவார். நாம் கெயினை ஏற்றுவோம். இரண்டாம் அடியில் உற்சாகம் பிறந்து குரல் ஓங்கும். ஏற்றிய கெயின் அங்கே உடைக்கும். மெல்லிய தொடக்கத்திற்கு அஞ்சாமல், ஓங்கும் குரலுக்கு இடம் விட்டே வைத்திருக்க. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பிடித்தால் ‘ப’, ‘ப்’ என்று வெடிக்கும் காற்றும் அடங்கும். கூட்டத்தில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்வோருக்கு ஒரு சொல்: ஒலிபெருக்கியின் முன் நிற்க வேண்டா. கைப்பேசி தானாகவே அளவைக் கூட்டிக் குறைக்கும் இயல்புடையது. அமைதியில் மின்விசிறி இரைச்சலைப் பெரிதாக்கி, பாட்டு எழுந்ததும் அமுக்கிவிடும்.

விழா தொடங்குமுன், மிகுந்த இரைச்சலுடைய இரு பாடல்களை ஒன்றாகக் கலந்து இரண்டு நிமிடம் பதிந்து, ஓர் அறையிற் சென்று தாழ்ந்த ஒலியில் கேட்டுப் பார்க்க. கூடத்தின் ஆரவாரத்தில் சிதைவு காதிற் படாது. இரவு ஏற ஏறக் காது மரத்துப்போவதால் அளவை ஏற்றிக்கொண்டே செல்வதும் இயல்பு. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இசைக்கூடங்களுக்கு 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல் என்று மேல்வரம்பு வகுத்தது, செவி கெடாதிருத்தற் பொருட்டே.

பதிவு முடிந்தபின் முழுக்கோவையையும் ஒருசேர உயர்த்தலாம். உச்சம் மைனஸ் 1-இல் நிற்கட்டும். உறவினருக்கு அனுப்பச் சுருக்கும்போது அலைகள் சிறிது எழும்பும் ஆதலின் அந்த இடைவெளி தேவை. உயர்த்தாத, சுருக்காத மூலப் பதிவை அழித்துவிடாமல் நாளும் விழாவின் பெயரும் இட்டு இரண்டு இடங்களில் வைத்துக்கொள்க. பின்னொரு நாளில் நலங்குப் பாட்டை மட்டும் தனியே பிரித்தெடுக்க விரும்பினால், அந்த மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும்.