பழைய பைக்: இன்ஜின் வேலை பார்க்கலாமா, EMI-ல புதுசு வாங்கலாமா?

போன வாரம் என் தம்பி போன் பண்ணான். "அண்ணா, மெக்கானிக் இன்ஜின் இறக்கணும்ங்கறாரு. 8,500 ஆகுமாம். பண்ணவா, தூக்கிப் போடவா?"

வண்டி 2011-ல அப்பா வாங்கின 125 சிசி. தம்பிக்கு காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை, சம்பளம் 24,000. பொன்னேரியில இருந்து போக வர தினமும் 40 கிலோமீட்டர். பாதி தூரம் ட்ரெய்லர் லாரிக்கு நடுவுல, நைட் ஷிப்ட் முடிச்சு இருட்டுல. இதுவரைக்கும் வழியில நின்னதால நாலு ஷிப்ட் போச்சு.

"போன வருஷம்தான் கிளட்ச் பிளேட், செயின், சைலன்சர் எல்லாம் மாத்தினேன், இப்ப போய் விக்கறதா?"ன்னான். அந்தக் காசு போனது போனதுதான். இனிமே ஆகப்போற செலவை மட்டும் எடுத்து எழுதுடான்னேன்.

போன வருஷ ரிப்பேர் 11,200. அதே மாதிரி போனா மூணு வருஷத்துக்கு 33,600. இன்ஜின் 8,500. பழைய வண்டி லிட்டருக்கு 38 தருது, புதுசு 58 தரும்னு வெச்சுக்கிட்டா, மாசம் 26 நாள், பெட்ரோல் 100 ரூபாய் கணக்குல மாசாமாசம் 944 ரூபாய் கூடுதலா எரியுது. மூணு வருஷத்துக்கு அது மட்டுமே 34,000! இதை யாருமே கணக்குல எடுக்கறதில்லை. மொத்தம் சுமார் 76,000.

புது வண்டி ஆன்ரோடு 1,15,000. (2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு.) 25,000 கையில இருந்து கட்டி, 90,000 லோன், 11 சதவீதம், 36 மாசம்னா EMI சுமார் 2,950. வட்டி மட்டும் 16,000. சர்வீஸ் 9,000 சேர்த்தா 1,40,000. மூணு வருஷம் கழிச்சு 55,000-க்கு வித்தாலும் நிகரச் செலவு 85,000.

வித்தியாசம் 9,000 ரூபாய். மாசத்துக்கு 250. அவன் விட்ட நாலு ஷிப்ட் சம்பளமே ஒரு வருஷத்துல அதைத் தாண்டிடும்.

ஆனா ஒண்ணு. அந்த 25,000 அவசரத்துக்கு வெச்சிருக்கிற கடைசிப் பணம்னா இந்தக் கணக்கு செல்லாது. அப்போ சின்ன ரிப்பேரோட ஓட்டிக்கிட்டே, EMI கட்டற மாதிரி மாசம் 2,950-ஐ RD-ல போடுங்க. பத்து மாசத்துல முன்பணம் ரெடி, EMI தாங்குமான்னும் தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு RC. 15 வருஷம் முடிஞ்சா புதுப்பிக்க பைக்குக்கு 1,000 ரூபாய், பசுமை வரி தனி. பணம் பெருசில்லை. வண்டி தகுதியா இருக்குன்னு ஆய்வுல தேறணும், அதுதான் விஷயம். கடலோரத்துல ஓடற வண்டிக்கு உப்புக்காத்து மொதல்ல இன்ஜினைத் தொடாது. சேஸிஸ், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு வெல்டிங், இதைத்தான் அரிக்கும். இன்ஜினுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அடியில தட்டிப் பார்க்கச் சொல்லுன்னு சொன்னேன்.

பார்த்தாங்க. ஸ்விங் ஆர்ம் வெல்டிங் பக்கத்துல துரு உதிர்ந்து விரல் நுழையற அளவுக்கு ஓட்டை. அதோடதான் இவ்வளவு நாளா ட்ரெய்லர் பக்கத்துல போயிட்டு இருந்திருக்கான். இன்ஜினைத் தொடவே இல்லை, அன்னைக்கே புதுசுக்கு புக் பண்ணிட்டான். இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா நல்ல தண்ணியில அடிப்பக்கம் கழுவி, செயினுக்கு ஆயில் போடறான்.

இந்தக் கணக்கு போடற எக்செல் ஷீட் வீடியோவுக்குக் கீழே இருக்கு. உங்க வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துட்டு, என்ன வந்துச்சுன்னு சொல்லுங்க.