‘கியூ’ வந்து ‘யு’ வராவிட்டால்?

ஸ்கிரேபல் ஆடுகிறவர்களுக்குத் தெரிந்த தலைவலி இது. கையில் ‘கியூ’ வந்து உட்கார்ந்துவிடும். ‘யு’ மட்டும் வரவே வராது. ஆட்டம் முடியும்வரை அது கையிலேயே தங்கினால் 10 புள்ளி பறிபோகும்.

இதற்கு மருந்து இரண்டே எழுத்து. ‘கியூ’வுக்குப் பக்கத்தில் ‘ஐ’ வைத்தால் ‘சீ’. உடலில் ஓடும் உயிர்ச்சக்திக்குச் சீனர்கள் சொல்லும் பெயர், 11 புள்ளி. ஈரான் நாட்டு நிலத்தடி நீர்க்கால்வாயான ‘கனாத்’துக்கும் ‘யு’ தேவையில்லை.

உயிரெழுத்தே இல்லாமல் தவிக்கும்போது வேல்ஸ் மொழி கைகொடுக்கும். ‘சி, டபிள்யூ, எம்’ என்று வைத்தால் ‘கூம்’. மலைச்சரிவில் உள்ள கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. வேல்ஸ்காரர்களுக்கு ‘டபிள்யூ’ உயிரெழுத்தாகவும் ஒலிக்கும் என்பதுதான் ரகசியம்.

வழக்கொழிந்த சொற்கள் இன்னும் சுவையானவை. ‘இ, ஒய், என், இ’ சேர்ந்தால் கண்கள்! ஷேக்ஸ்பியர் காலத்துப் பன்மை. ‘சி’யும் ‘ஹெச்’சும் சேர்ந்தால் பழைய வட்டார ஆங்கிலத்தில் ‘நான்’. இன்று யாரும் பேசுவதில்லை. ஸ்கிரேபல் பலகையில் மட்டும் சாகாமல் இருக்கிறது. ஆனால் கவனம், கொலின்ஸ் பட்டியல் இதை ஏற்கும், வட அமெரிக்கப் பட்டியல் ஏற்காது. எந்தப் பட்டியல் என்று முதலிலேயே பேசிக்கொள்ளாவிட்டால் வீட்டில் சண்டைதான்.

“இதையெல்லாம் மனப்பாடம் செய்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் வருமா?” பெற்றோரின் நியாயமான கேள்வி. நம் நாட்டில் நெடுங்காலமாக வசித்துவரும் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015இல் பிரெஞ்சு ஸ்கிரேபல் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதே கதை. பட்டியலை மனத்தில் ஏற்றினால் ஆட்டத்தில் வெல்லலாம், பேச்சு வராது. ஆகவே சொல்லோடு பொருளையும் கேட்டுப் பழக்குவதே பிள்ளைக்கு இலாபம்.

அப்படிப் பொருள் தேடினால் நம் மொழியும் எதிர்ப்படும். ‘கட்டமரான்’ நம் கட்டுமரம் என்பது பலருக்குத் தெரியும். ‘அனிகட்’? காவிரியில் வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர்களின் வாயில் புகுந்த நம் அணைக்கட்டு. பன்மைக்கு ‘எஸ்’ சேர்த்தால் சரியாக ஏழு எழுத்து. கையில் உள்ள ஏழையும் ஒரே வீச்சில் இறக்கினால் போனஸ் மட்டுமே 50 புள்ளி. எதிரில் இருப்பவர் சந்தேகப்பட்டால் அகராதியைப் புரட்டிப் பார்க்கட்டும்!