மாமல்லபுரம் போறீங்களா? கடலைக் கொஞ்சம் தள்ளி நின்றே ரசியுங்கள்!

ஒரு பக்கம் பாறைக் குன்று, மறுபக்கம் வங்கக்கடல், நடுவில் மாமல்லபுரம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 55 கி.மீ. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வந்தால் 30 கி.மீ. காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பிவிடலாம் என்பதால், விடுமுறை நாள்களில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் குவிகிறது.

காலையில் குன்று

வெயில் ஏறுவதற்குள் குன்றுப் பக்கத்தை முடித்துவிடுங்கள். சுமார் 30 மீட்டர் நீளமுள்ள அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் தவம் செய்வதுபோல நிற்கும் பூனையையும், அதன் காலடியில் எலிகளையும் குழந்தைகளைத் தேடச் சொல்லலாம். பக்கத்திலேயே, சரிவில் உருளாமல் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறை. மேலே ஏறினால் கலங்கரை விளக்கமும், அதற்கு முன்பு தானே கலங்கரை விளக்கமாக இருந்த பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலும் இருக்கின்றன. கடல் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை விரிவது இங்கிருந்துதான்.

கடல் தந்த கோயில்

2004 சுனாமிக்குப் பிறகு, ஊருக்கு வடக்கே புலிக்குகை இருக்கும் சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து தொல்லியல் துறை தோண்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து ஒரு முருகன் கோயிலே கிடைத்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில்! பலரும் பார்க்காமல் திரும்பும் இடம் இது.

கொடுக்கும் கடல் எடுக்கவும் செய்யும். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயில் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. அதைக் கடலரிப்பிலிருந்து காக்கவே பாறாங்கற்களைக் கொட்டி அரண் போட வேண்டியிருந்தது.

அமைதியான தண்ணீரை நம்பாதீர்கள்

இங்கே குளிக்க இறங்கி அலையில் சிக்குபவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. கரைக்கு வந்த அலைநீர், ஒரு குறுகிய பாதையில் ஒன்றுசேர்ந்து வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது. அதனால் பாதுகாப்பானதுபோலத் தெரியும். ஆபத்தே அங்குதான். நீச்சல் தெரிந்தவரையும் அது இழுத்துவிடும்.

சிக்கிக்கொண்டால் இழுப்பை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தக் கூடாது, களைத்துப்போவீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைத் தாண்டியபின் கரைக்குத் திரும்புங்கள். அடுத்தவர் சிக்கினால் பதறிக் குதிக்காமல் கயிறு, காலி கேன் என மிதப்பதை வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள், 108-ஐ அழையுங்கள்.

பிள்ளைகள் தண்ணீருக்கு அடம்பிடித்தால், சென்னை திரும்பும் வழியில் கோவளம் இருக்கிறது. 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. அங்கும் உயிர்காப்பாளர்கள் இருக்கும் நேரத்தில், குளிக்க ஒதுக்கிய பகுதியில் மட்டும் இறங்குங்கள்.