இரு சிறு விமான நிலையங்களும் ஒரு கணக்கும்

புதுச்சேரியிலிருந்து மதகடிப்பட்டு வழியாக விழுப்புரம் செல்லும் பெருஞ்சாலையை நீங்கள் அறிவீர்கள். அங்கே பஸ்ஸுக்குக் காத்து நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, லாஸ்பேட்டையிலிருந்து சேலத்துக்கு நேரே விமானம் விட்டால் எத்தனை நேரத்தில் போய்ச் சேரலாம்?" அவருடைய ஊர் சேலம், தாயாருக்கு உடல்நலமில்லை என்று செய்தி வந்திருந்தது. ஆகவே அது வெறும் கணக்குக் கேள்வியன்று.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். லாஸ்பேட்டை நிலையம் வட அட்சம் 11.97 பாகையிலும், சேலத்தின் காமலாபுரம் நிலையம் 11.78 பாகையிலும் உள்ளன. தீர்க்கரேகைகள் முறையே 79.81, 78.07, வித்தியாசம் 1.74 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு தீர்க்கப் பாகை 111 கிலோமீட்டர். துருவத்தை நோக்கிப் போகப்போக அது சுருங்கும். நம் அட்சத்தில் 109 கிலோமீட்டர். ஆக மேற்கே 190 கிலோமீட்டர், தெற்கே 21 கிலோமீட்டர். இவற்றைச் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால் கர்ணம் 191 கிலோமீட்டர். வரைபடத்தில் அந்தக் கோடு மதகடிப்பட்டுக்குச் சற்று வடக்கே செல்கிறது.

இவ்விரு நிலையங்களிலும் வந்திறங்கியுள்ள ஏ.டி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் 23 நிமிடம். மாணவரும் இதைத்தான் மனத்தில் கொண்டிருந்தார். இங்கேதான் ஏமாற்றம்.

விமானம் காற்றை எதிர்த்தே எழும்ப வேண்டும். லாஸ்பேட்டையின் ஓடுபாதை ஏறத்தாழக் கிழக்கு மேற்காகக் கிடப்பது. பிற்பகலில் கடற்காற்று வீசினால், சேலம் செல்ல வேண்டிய விமானம் முதலில் கடலை நோக்கி எழும்பி, பிறகு திரும்ப வேண்டும்! மதகடிப்பட்டை நெருங்கும்போதும் அது ஏறிக்கொண்டேயிருக்கும். ஏறும்போது முழு வேகம் கிடையாது. உச்ச உயரத்தை எட்டிச் சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். தரையில் ஊர்ந்து செல்லும் நிமிடங்கள் வேறு. 2024 டிசம்பர் 20இல் தொடங்கிய பெங்களூர்–புதுச்சேரி சேவையையே பாருங்கள்: நேர்த்தூரம் 266 கிலோமீட்டர், வகுத்தால் 32 நிமிடம், கால அட்டவணையிலோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி. அந்த விகிதப்படி சேலத்துக்கு ஐம்பது நிமிடத்துக்குக் குறையாது.

இன்னும் கணக்கு முடியவில்லை. மதகடிப்பட்டிலிருந்து மேற்கே போக வேண்டியவர் கிழக்கே லாஸ்பேட்டைக்குத் திரும்ப முக்கால் மணி, புறப்பாட்டுக்கு முன் காத்திருக்க ஒரு மணிக்கு மேல், காமலாபுரத்திலிருந்து சேலம் நகருக்கு அரை மணிக்கு மேல். எல்லாம் கூட்டினால் மூன்று மணியைத் தாண்டுகிறது. உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகக் காரில் செல்வோருக்கும் ஏறத்தாழ நான்கு மணிதான்.

பெரிய ஜெட் விமானம் வந்தால் விரைவாகுமா என்றும் கேட்டார். இத்தனை குறுகிய தூரத்தில் ஜெட்டுக்கும் ஏறவும் இறங்கவுமே நேரம் சரியாய் இருக்கும். தவிர, லாஸ்பேட்டையின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். அதை நீட்ட எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு நிலம் வேண்டும். யாருடைய நிமிடங்களுக்காக யாருடைய நிலம் என்பதும் ஒரு கணக்கே. தொலைவான ஊர்களுக்கு அது பயன்படலாம், சேலத்துக்கு அன்று.

பேசிக்கொண்டிருக்கையில் விழுப்புரம் பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.